தூய மின்சாரத்துக்காகத் தொழில்துறை வாதாடுவது எப்படி: மின்கட்டண ரசீதிலிருந்து ஆணையத்தின் உத்தரவு வரை முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரம் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. அதற்குப் பணம் போட்டவர்களில் பெரும்பகுதி நூற்பாலைக்காரர்கள். ஆரல்வாய்மொழி, உடுமலை, தென்காசி என்று காற்று வீசும் கணவாய்ப் பக்கமெல்லாம் நிற்கும் காற்றாலைகள் பலவற்றின் மின்சாரம் கோவை, திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் மில்களின் கணக்கில்தான் கழிகிறது. இவ்வளவு முதலீடு செய்தவர்கள், அந்த முதலீட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் விதிகள் எழுதப்படும்போது வெறும் கோரிக்கை மனுவோடும் பொன்னாடையோடும் போய் நிற்பது வருத்தமான விஷயம். கூரை சோலார், காற்றாலை வங்கி வசதி (மிஞ்சும் மின்சாரத்தைக் கிரிட்டில் போட்டுவைத்துப் பிறகு எடுத்துக்கொள்வது), திறந்த அணுகல் (மின்வாரியத்தின் கம்பி வழியே வேறொரு உற்பத்தியாளரிடம் மின்சாரம் வாங்குவது) எதுவாக இருந்தாலும், சரியான இடத்தில், சரியான தேதிக்குள், எதிர்த்தரப்பின் இழப்பையும் கணக்கிட்டு, திருத்த வாசகத்தை எழுதிக்கொண்டு போகிறவர்களின் பேச்சுதான் உத்தரவில் இடம்பெறுகிறது. அதைச் செய்யும் முறையை, தொழில் சங்க நிர்வாகிகளையும் ஆலை உரிமையாளர்களையும் மனதில் வைத்து இங்கே எழுதியிருக்கிறோம்.

படி 1: எந்தக் கதவைத் தட்ட வேண்டும்?

பாதி முயற்சிகள் வீணாவது இங்கேதான். மின்சாரச் சட்டம் 2003-இன்படி அதிகாரம் நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கிறது.

கட்டணம், வீலிங் (மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டுசேர்ப்பதற்கான கட்டணம்), வங்கி வசதி, நெட்வொர்க் கட்டணம் (கூரை சோலார் வைத்தவர் மின்கம்பி வசதிக்காகக் கட்டுவது), குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (வெளியே மின்சாரம் வாங்குபவர், மற்ற நுகர்வோருக்குத் தரும் மலிவுக் கட்டணத்தை ஈடுகட்டக் கட்டுவது) ஆகியவற்றை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அமைச்சரைப் பார்த்து "வீலிங் கட்டணத்தைக் குறையுங்கள்" என்று கேட்டால், அவரால் நேரடியாகச் செய்ய முடியாத ஒன்றைக் கேட்கிறீர்கள் என்று பொருள்.

மாநில அரசிடம் கேட்கக்கூடியவை வேறு. பிரிவு 65-இன்படி ஒரு பிரிவினருக்குக் கட்டணச் சலுகை தர அரசு விரும்பினால், அந்த மானியத் தொகையை விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டுச் செய்யலாம். பிரிவு 108-இன்படி பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு வழிகாட்டுதல் தரலாம். சோலார் கொள்கை, காற்றாலைக் கொள்கை, மின்சார வரி இவையும் அரசின் கையில்.

மத்திய மின்துறை அமைச்சகம் விதிகளை வகுக்கிறது. 2022 ஜூன் 6-இல் வந்த பசுமை மின்சாரத் திறந்த அணுகல் விதிகள், அதுவரை 1 மெகாவாட்டாக இருந்த தகுதி வரம்பை 100 கிலோவாட்டாக இறக்கின. விண்ணப்பத்துக்கு 15 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்றன. வங்கியில் போட அனுமதிக்கும் அளவு, விநியோக நிறுவனத்திடமிருந்து நுகர்வோர் எடுக்கும் மாத மின்சாரத்தில் குறைந்தது 30 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றும் சொன்னன. மாநில ஒழுங்குமுறைகள் இதற்கு ஒத்துவராத இடத்தில் உங்கள் வாதத்துக்கு இது வலுவான பிடி.

நான்காவது இடம் மின்வாரியம். 2024-இல் பழைய டான்ஜெட்கோ பிரிந்தபின், விநியோகம் ஒரு நிறுவனத்திடமும், அனல் உள்ளிட்ட உற்பத்தி இன்னொன்றிடமும், பசுமை மின்சாரம் தமிழ்நாடு பசுமை ஆற்றல் கழகத்திடமும் இருக்கிறது. மீட்டர் மாற்றம், தடையில்லாச் சான்று, மாதாந்திரக் கணக்கு ஒப்படைப்பு போன்ற நடைமுறைத் தாமதங்களுக்கு இங்கேதான் போக வேண்டும். நடைமுறைப் பிரச்சினையை ஆணையத்துக்கும், கட்டணப் பிரச்சினையைக் கண்காணிப்புப் பொறியாளருக்கும் எடுத்துக்கொண்டு போவது இன்றும் நடக்கிறது.

படி 2: கேட்பது ஒன்றாக இருக்கட்டும்

பதினெட்டு கோரிக்கைகள் கொண்ட மனுவில் ஆணையம் எளிதான இரண்டை ஏற்று, கனமான பதினாறை "பரிசீலிக்க இயலவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு முதன்மைக் கோரிக்கை, அது கிடைக்காவிட்டால் மாற்றாக ஒன்று. இவ்வளவு போதும்.

இந்தக் கட்டுரை முழுக்கக் கூரை சோலாரின் நெட்வொர்க் கட்டணத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் கட்டண உத்தரவு அதை உயர் அழுத்த இணைப்புக்கு (பெரிய ஆலைகள்) ஒரு தொகையாகவும், தாழ்வழுத்தத்துக்கு (சிறு தொழில்) யூனிட்டுக்கு 1 ரூபாய் 53 பைசாவாகவும் வைத்தது. தொழில்துறையின் மனக்குறை தொகையைவிட அது விழும் இடத்தைப் பற்றியது. கிரிட்டுக்கே போகாமல், கூரையில் உற்பத்தியாகி அதே ஷெட்டில் தறியையோ லேத்தையோ ஓட்டிய யூனிட்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

படி 3: பன்னிரண்டு மாத ரசீதுகளைச் சேருங்கள்

வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம்.

குறைந்தது 15 ஆலைகளின் 12 மாத மின்கட்டண ரசீதுகள் வேண்டும். மூன்றில் ஒன்றாவது சிறு ஆலையாக இருப்பது அவசியம். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரே தாளில் இந்த விவரங்களை ஏற்றுங்கள்: ஒப்பந்த டிமாண்ட் (ஒரே நேரத்தில் எடுக்க ஒப்பந்தம் செய்த மின்சுமை), பதிவான டிமாண்ட் (உண்மையில் எடுத்த உச்சச் சுமை), மொத்த யூனிட், உச்சநேர யூனிட், இரவு யூனிட், சோலார் அல்லது காற்றாலை உற்பத்தி, கிரிட்டுக்குப் போன யூனிட், வங்கியில் சேர்ந்தது, எடுத்தது, ஒவ்வொரு தலைப்பிலும் கட்டிய தொகை. உள்ளேயே பயன்படுத்திய சோலார் யூனிட் ரசீதில் தனியாக வராது. உற்பத்தி மீட்டர் காட்டுவதிலிருந்து இருவழி மீட்டரின் ஏற்றுமதி எண்ணை (கிரிட்டுக்குப் போன யூனிட்) கழித்தால் கிடைக்கும். உற்பத்தி மீட்டர் பழுதாகிக் கிடக்கும் ஆலையை மாதிரியில் சேர்க்காதீர்கள். மறுதரப்பு கேள்வி கேட்கும் முதல் இடம் அதுவே.

ஜூலை மாத ரசீதை மட்டும் வைத்து ஆண்டுக் கணக்கு போடுவது காற்றாலைக்காரர்களின் வழக்கமான பிழை. மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். அந்த மாதங்களில் மிஞ்சுவதும் ஜனவரியில் பற்றாமல் போவதும் ஒரே படத்தில் தெரிந்தால்தான் வங்கி வசதி எதற்கு என்பது புரியும்.

அதைவிடப் பெரிய பிழை, மொத்த ரசீதை யூனிட்டால் வகுத்து வரும் எண்ணை "சேமிப்பு" என்று எழுதுவது. 1,000 கேவிஏ ஒப்பந்த டிமாண்ட் உள்ள ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 4.5 லட்சம் யூனிட் ஓடுகிறது. 2022 உத்தரவின்படி யூனிட் 6.75 ரூபாய், டிமாண்ட் கட்டணம் கேவிஏ-வுக்கு 550 ரூபாய். அதற்கு முன் அது 350 ஆக இருந்தது. ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்காவது கட்டியாக வேண்டும் என்பதால் 900 கேவிஏ-வுக்கு 4.95 லட்சம். யூனிட் கட்டணம் 30.37 லட்சம். வரியையும் உச்சநேரக் கூடுதலையும் விட்டுவிட்டால் மொத்தம் 35.32 லட்சம், அதாவது யூனிட்டுக்கு 7.85 ரூபாய். ஆனால் இந்த ஆலை சோலார் போட்டால் ஒரு யூனிட்டில் மிச்சமாவது 6.75 மட்டுமே. மீதி 1.10 டிமாண்ட் கட்டணத்தில் உட்கார்ந்திருக்கிறது, வெயில் அதைத் தொடாது. 7.85 என்று எழுதிக்கொண்டு போனால் மின்வாரியத்தின் கணக்கு அலுவலர் இரண்டு நிமிடத்தில் அதை உடைப்பார். அதோடு உங்கள் மற்ற எண்களும் நம்பிக்கை இழக்கும்.

இதே 1.10 ரூபாயைத் திருப்பி உங்கள் வாதமாகவும் ஆக்கலாம். உயர் அழுத்த நுகர்வோர் கம்பிக்கும் மின்மாற்றிக்குமான செலவை டிமாண்ட் கட்டணமாக ஏற்கெனவே கட்டுகிறார். பிறகு அதே கம்பிக்கு நெட்வொர்க் கட்டணம் எதற்கு? தாழ்வழுத்த நுகர்வோருக்கு இந்த வாதம் இவ்வளவு வலுவாகப் பொருந்தாது. அவர்களின் நிலைக் கட்டணத்தின் அமைப்பு வேறு. இரண்டையும் கலந்து எழுதாமல் தனித்தனிப் பத்தியாக வையுங்கள்.

படி 4: பாதிப்பை ஒரு ஷெட்டின் அளவுக்குச் சுருக்கிக் காட்டுங்கள்

"ஆயிரம் கோடி பாதிப்பு" என்ற எண் யாரையும் அசைப்பதில்லை. ஒரு பனியன் கம்பெனியின் கூரையில் 100 கிலோவாட் சோலார் என்று வையுங்கள். அதற்கு ஏறத்தாழ 10,000 சதுர அடி கூரை வேண்டும். ஆண்டுக்கு 1.45 லட்சம் யூனிட் கிடைக்கும். கிலோவாட்டுக்கு 45,000 ரூபாய் என்றால் முதலீடு 45 லட்சம். மிச்சமாகும் யூனிட் கட்டணம் 7.50 என்று கொண்டால்:

நெட்வொர்க் கட்டணம் இல்லாவிட்டால் ஆண்டுச் சேமிப்பு 10.87 லட்சம், போட்ட பணம் 4.1 ஆண்டில் திரும்பும்.
1.53 ரூபாய் கட்டினால் சேமிப்பு 8.66 லட்சம், 5.2 ஆண்டு.
அதில் பாதி கட்டினால் 9.77 லட்சம், 4.6 ஆண்டு.

வங்கிகள் சிறு தொழிலுக்குத் தரும் சோலார் கடன் ஐந்து ஆண்டுத் தவணையாக இருந்தால், இரண்டாவது வரியில் தவணை முடியும்போது முதல் திரும்பியிருக்காது. வட்டியையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். இப்படிக் காட்டும்போதுதான் 1.53 என்பது ஒரு முடிவை நிறுத்தும் தொகை என்று கேட்பவருக்கு உறைக்கும்.

படி 5: மின்வாரியத்தின் இழப்பை நீங்களே கணக்கிடுங்கள்

பெரும்பாலான சங்கங்கள் தவிர்ப்பது இந்தப் படியை. ஆணையத்தின் கடமை உங்களைக் காப்பது மட்டுமல்ல, விநியோக நிறுவனம் தன் நியாயமான செலவை மீட்பதையும் அது பார்க்க வேண்டும். நீங்கள் விட்டுவைக்கும் வெற்றிடத்தை மின்வாரியத்தின் எண் நிரப்பும்.

அதே மாதிரி 100 மெகாவாட் கூரை சோலார் என்றால் ஆண்டுக்கு 14.5 கோடி யூனிட். 1.53 வீதம் 22.2 கோடி ரூபாய். உங்கள் கோரிக்கை பாதியாகக் குறைப்பது என்றால் மின்வாரியம் இழப்பது 11.1 கோடி. இதை மனுவில் நீங்களே எழுதுங்கள். எழுதிவிட்டு, எதிர்ப்பக்கத்தில் மின்வாரியத்துக்கு மிச்சமாவதையும் எழுதுங்கள்: பகலில் வாங்க வேண்டாத மின்சாரம், கூரையிலேயே செலவாவதால் வழியில் ஏற்படாத இழப்பு, புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கொள்முதல் கடமையில் குறையும் சுமை.

மறுதரப்பின் நியாயத்தை மறைக்காதீர்கள். மாலை ஆறு மணிக்குச் சூரியன் போய்விடும். ஆலை ஓடிக்கொண்டிருக்கும். அப்போது மின்வாரியம் சந்தையில் வாங்குகிறது. மின்சந்தையில் விலை உச்சவரம்பு யூனிட்டுக்கு 10 ரூபாயாக வைக்கப்பட்ட பின்னும், நெருக்கடி நேரங்களில் விலை அந்த வரம்பையே தொடுகிறது. பகலில் மலிவாகப் போட்ட யூனிட்டை மாலையில் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கும் கோரிக்கை தோற்பது இதனால்தான். எந்த நேரப் பகுதியில் போட்டோமோ அந்தப் பகுதியிலேயே எடுத்துக்கொள்கிறோம், மாலைக்கு வேண்டியதை பேட்டரியிலிருந்து தருகிறோம், பேட்டரி வைப்பவருக்கு மட்டும் கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்கும் சங்கத்துக்கு மறுப்புச் சொல்வது கடினம்.

எண்களின் நுணுக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு. தமிழ்நாட்டில் சோலார் நிலையங்களின் உற்பத்தியை நிறுத்தச் சொன்ன உத்தரவுகளை எதிர்த்துத் தேசிய சூரிய ஆற்றல் கூட்டமைப்பு மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. நிறுத்தச் சொன்ன நேரங்களில் கிரிட்டின் நிலை எப்படி இருந்தது என்று தேசிய கிரிட் இயக்குநரான போசோகோ 15 நிமிடப் பகுதிகளாகப் பிரித்து ஆராய்ந்தது. கிரிட் பாதுகாப்பு காரணமில்லாமல் நிறுத்தியதற்கு ஒப்பந்த விலையில் 75 சதவீதம் இழப்பீடு தர வேண்டும் என்று 2021 ஆகஸ்ட் 2-இல் தீர்ப்பு வந்தது. "பாரபட்சம் காட்டுகிறார்கள்" என்ற முழக்கம் மட்டும் இருந்திருந்தால் அந்த வழக்கு அவ்வளவு தூரம் போயிருக்காது.

படி 6: மனுவை எழுதும் விதம்

எட்டுப் பக்கத்துக்குள் முடியுங்கள். ஆலைவாரிக் கணக்குகள் இணைப்பாகப் போகட்டும். முதல் பக்கத்திலேயே கோரிக்கை, எந்த ஒழுங்குமுறையின் எந்த உட்பிரிவு மாற வேண்டும், இப்போதைய வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம் ஆகியவை இருக்க வேண்டும். உதாரணமாக:

"நுகர்வோரின் வளாகத்தில் உற்பத்தியாகி, கிரிட்டுக்கு ஏற்றுமதியாகாமல் அதே வளாகத்தில் பயன்படுத்தப்படும் சூரிய மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணம் வசூலிக்கப்படமாட்டாது. இருவழி மீட்டரில் ஏற்றுமதியாகப் பதிவாகும் யூனிட்டுகளுக்கு மட்டுமே இக்கட்டணம் பொருந்தும்."

உத்தரவு எழுதும் அலுவலர் அப்படியே எடுத்துப் போடக்கூடிய வாசகம் இது. "தொழில்துறையின் நலன் கருதி ஆவன செய்யுமாறு" என்று முடியும் மனுவில் எடுத்துப் போட எதுவும் இல்லை.

சட்ட அடிப்படைக்குப் பிரிவு 61-இன் உட்பிரிவு எச், 86(1)(ஈ) இரண்டும் போதும். முதலாவது, கட்டண நிர்ணயத்தில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஊக்குவிப்பதைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. இரண்டாவது அதை ஆணையத்தின் கடமையாகவே வைக்கிறது. கரியமில வாயுக் கணக்கு எழுதினால் ஒரே வரியில் எழுதுங்கள்: இந்திய கிரிட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, ஆகவே 10 லட்சம் யூனிட்டுக்கு 700 டன்.

வெளிநாட்டு ஏற்றுமதியை வைத்து வாதாடும்போது கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரி வரி பனியனுக்கும் நூலுக்கும் வரும் என்று பலர் எழுதுகிறார்கள். அதன் பட்டியலில் இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம்தான் இடம்பெற்றன, ஜவுளி இடம்பெறவில்லை. திருப்பூருக்கு உண்மையான அழுத்தம் வாங்குபவர்களிடமிருந்து வருகிறது. எச் அண்ட் எம் போன்ற நிறுவனங்கள் முழுப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு உறுதி சொன்ன ஆர்இ100 குழுவில் இருக்கின்றன, தங்கள் விநியோகச் சங்கிலியின் வெளியேற்றத்தையும் கேட்கின்றன. ஆர்டருடன் வரும் அந்தக் கேள்வித்தாளின் நகலை, விலை விவரங்களை மறைத்துவிட்டு, இணைப்பாக வையுங்கள்.

படி 7: யாரைச் சேர்த்துக்கொள்வது, உங்கள் வீட்டைச் சரிபார்ப்பது

நூற்பாலைச் சங்கங்களான சைமா, டாஸ்மா, திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியா, இந்தியக் காற்றாலைச் சங்கம் எல்லாருடைய நலனும் ஒன்றல்ல. பழைய காற்றாலை வைத்திருப்பவருக்கு ஆண்டு வங்கி வசதிதான் முக்கியம். புதிதாகக் கூரை சோலார் போடும் சிறு தொழிலுக்கு அது பொருட்டே இல்லை. எல்லாரும் கையெழுத்திடும் நீளமான கூட்டு மனுவைவிட, ஒரே கோரிக்கைப் பத்தி மட்டும் பொதுவாக இருக்கும் தனித்தனி மனுக்கள் நல்லது. ஐந்து சங்கங்கள் ஒரே வாசகத்தைக் கேட்பது ஆணையத்தின் கண்ணில் படும்.

மனு போடும் முன் உங்கள் உறுப்பினர்களின் குழு சொந்த உற்பத்தித் தகுதியை (பலர் பங்கு சேர்ந்து தங்களுக்கென மின்நிலையம் வைத்திருப்பது) பாருங்கள். 26 சதவீதப் பங்கு, ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதப் பயன்பாடு ஆகிய இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் வரும். முன்வரிசையில் பேசப்போகிறவரின் ஆலையே இதில் தவறியிருந்தால், அவர் பின்வரிசையில் இருப்பது உத்தமம்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் நிலைத்தன்மை அறிக்கையில் ஏழாவது கோட்பாடு, கொள்கை வாதாடலைப் பொறுப்போடும் வெளிப்படையாகவும் செய்யச் சொல்கிறது. எந்தெந்தத் தொழில் சங்கங்களில் உறுப்பினர் என்பதையும் கேட்கிறது. உங்கள் அறிக்கை பசுமை பேசும்போது, நீங்கள் சந்தா கட்டும் சங்கம் அதே விதியை எதிர்த்துக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம். 2009-இல் அமெரிக்க வர்த்தக சபை காலநிலைச் சட்டத்தை எதிர்த்தபோது ஆப்பிளும் எக்ஸலான், பிஜி அண்ட் இ மின் நிறுவனங்களும் வெளியேறின. நைக்கி இயக்குநர் குழுவிலிருந்து மட்டும் விலகி, உறுப்பினராக இருந்தபடி உள்ளே வாதாடியது. இரண்டு வழியும் மரியாதையானவை. மூன்றாவது வழியான மௌனம் உங்கள் மனுவையே பலவீனப்படுத்தும்.

படி 8: தேதிகளும் கருத்துக் கேட்பும்

2022-இன் வேகத்தைப் பாருங்கள். ஜூலை 18-இல் கட்டண மனு தாக்கல். ஆகஸ்ட் 16 கோவை, 18 மதுரை, 22 சென்னை என்று கருத்துக் கேட்பு. செப்டம்பர் 9-இல் உத்தரவு. ஐம்பது சொச்சம் நாளில் எல்லாம் முடிந்தது. அறிவிப்பு வந்தபின் ரசீது சேகரிக்கத் தொடங்கும் சங்கம் கணக்கை முடிப்பதற்குள் கூட்டமே முடிந்துவிடும். படி 3-இன் தாள் ஆண்டு முழுக்கத் தயாராக இருக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் வரைவு ஒழுங்குமுறைகளை வாரம் ஒருமுறை பார்க்க ஒருவரை நியமியுங்கள். கருத்துக் கேட்புக்கு எழுத்துமூலக் கருத்து போதும். தனி மனுவாகத் தாக்கல் செய்தால் பிரமாணப் பத்திரமும் கட்டணமும் வேண்டும்.

கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வரவேற்பு, நன்றி, சங்கத்தின் வரலாறு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தமிழிலேயே நேராகச் சொல்லுங்கள்: "பக்கம் 1-இல் உள்ள வாசகத்தைக் கேட்கிறோம். அது முடியாவிட்டால், மாற்றாகக் கட்டணத்தைப் பாதியாக்குங்கள். 100 கிலோவாட் போட்டவருக்கு அந்தப் பாதி 5.2 ஆண்டை 4.6 ஆக்கும். மின்வாரியத்துக்கு 100 மெகாவாட்டுக்கு 11.1 கோடி குறையும். அதை ஈடுகட்டும் வழி பக்கம் 5-இல் இருக்கிறது." முடிந்தால் சங்கத் தலைவர் பேசட்டும், பக்கத்தில் கணக்குப் போட்டவர் நிற்கட்டும். ஆணைய உறுப்பினர் குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் கணக்குப் போட்டவரிடமிருந்து வர வேண்டும்.

பிரிவு 87-இன்படி அமையும் மாநில ஆலோசனைக் குழுவில் 21 பேர் வரை இருக்கலாம். வணிகம், தொழில் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. அங்கே இருக்கும் தொழில் பிரதிநிதி யாரென்று கண்டுபிடித்து அதே எட்டுப் பக்கத்தை அவருக்கும் முன்கூட்டியே கொடுங்கள்.

படி 9: உத்தரவு வந்தபின்

முதலில் முடிவைப் பார்க்காதீர்கள். பொதுமக்கள் கருத்துகளும் அதற்கு ஆணையத்தின் பதிலும் உள்ள பகுதியைப் படியுங்கள். உங்கள் வாதத்துக்குப் பதில் சொல்லி மறுத்திருந்தால், அந்தப் பதில்தான் அடுத்த ஆண்டு மனுவின் முதல் பத்தி. பதிலே சொல்லாமல் கடந்திருந்தால், அது மேல்முறையீட்டுக்குரிய குறை. கணக்குப் பிழை கண்ணுக்குத் தெரிந்தால் மறுபரிசீலனை மனு போடலாம். இல்லாவிட்டால் பிரிவு 111-இன்படி உத்தரவு கையில் கிடைத்த 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அங்கிருந்து சட்டக் கேள்விக்கு மட்டும் 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம்.

ஆணையத்தில் கிடைக்காதது சில நேரம் அரசிடம் கிடைக்கும். 2023-இல் சிறு தொழில் சங்கங்கள் ஒருநாள் கதவடைப்பு வரை போனபின், தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகளுக்கான கூரை சோலார் நெட்வொர்க் கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பதாக அரசு அறிவித்தது. அந்த வழியில் போகும்போது எரிசக்தித் துறைச் செயலாளரோடு நிதித் துறையையும் பாருங்கள். பிரிவு 65-இல் பணம் போக வேண்டியது அங்கிருந்துதான். சட்டமன்றத்தில் துறையின் மானியக் கோரிக்கை விவாதம் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, படி 5-இன் இழப்புக் கணக்கு அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். அறிவிப்பு வெளியானபின் அரசாணை எண், நடைமுறைக்கு வரும் தேதி, மின்வாரியத்தின் சுற்றறிக்கை மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த மாத ரசீதில் புதிய வீதம் விழுந்திருக்கிறதா என்று அதே 15 ஆலைகளிலும் சரிபார்த்து, விழாதவற்றின் பட்டியலை இணைப்பு எண்ணோடு கண்காணிப்புப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.